மைதீன் பிச்சையின் மெழுகுக்கட்டி

கடைசி வரியைப் பார்த்தால் தெரிந்துவிடும், அதனால்தான் நயினார் பார்க்கவில்லை. ஆறுமுகநயினார், நாற்பத்தெட்டு வயது, பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் பழைய கம்ப்யூட்டர் வாங்கி விற்கிற கடை, இந்த ஜில்லாவில் லினக்ஸ் என்ற சொல்லை முதலில் வாயில் போட்டு மென்ற பத்துப் பேரில் ஒருத்தன் என்று தன்னைத்தானே சொல்லிக்கொள்கிறவன், டாக்டர் பிரேமலீலாவின் பரிசோதனை நிலையத்தில் பின்பக்க அறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, புது சர்வரின் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பகல் பதினொன்றே முக்கால். வலது முழங்கைக்குப் பக்கத்தில் சோப்புக்கட்டி அளவுக்கு ஒரு வெளி டிஸ்க். அதற்குள் பதினெட்டு ஜிபியில் ஒரே ஒரு கோப்பு. கோப்பு முழுசாக எழுதப்பட்டிருந்தால் அதன் கடைசி வரியில் முடிந்தது என்று போட்டு, தேதியும் நேரமும் இருக்கும். இருக்கிறதா என்று பார்க்க நாலே எழுத்தில் ஒரு கட்டளை, ஒரு நொடி. பார்த்துவிட்டால் அப்புறம் பார்க்காமல் இருந்த நிலைக்குத் திரும்ப முடியாது. முதலில் பெட்டியை ஓட்டுகிற லினக்ஸ் ஏறட்டும், பிறகு டேட்டாபேஸ் சர்வர், பிறகு அமைப்பெல்லாம், அதற்குப் பிறகு கோப்பு, எதையும் முறையாகச் செய்ய வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். முறை பேசுகிற ஆளா அவன், வீட்டில் செருப்பைக்கூடத் திசைக்கொன்றாக விடுகிறவன். பயம் வந்தால்தான் அவனுக்கு முறை வரும்.

காலடியில் பழைய சர்வர் கிடந்தது, நெற்றியில் மூன்று விரல் சந்தனம், நடுவில் குங்குமம், தலையில் வாடின கதம்பம். பன்னிரண்டு வருஷம் ஒருநாள் நிற்காமல் ஓடின பெட்டி. நேற்று ஆயுத பூஜை. பழசு இழுக்கிறது, புதுசுக்கு மாற்றிவிடலாம் என்று டாக்டரிடம் பேசி முடித்து, நேற்று மதியம் அவன்தான் வந்து வெளி டிஸ்க்கைச் செருகி, உள்ளிருக்கிறது எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கொட்டச் சொல்லிக் கட்டளை கொடுத்துவிட்டு, ஐந்து மணிக்கு மேலேதான் முடியும், யாரும் தொடாதீங்க என்று பொதுவாகக் காற்றில் சொல்லிவிட்டு, தன் கடைப் பூசைக்குப் பொரி வாங்க ஓடினான். நாலரை மணிக்குப் பகவதியக்கா, முப்பது வருஷமாக இங்கே மெழுகு வெட்டுகிற பகவதியக்கா, மைக்ராஸ்கோப்புக்கும் வெட்டுகிற கருவிக்கும் சர்வருக்கும் பொட்டு வைத்து, பூசையில் வைத்த சாமான் ஓடக்கூடாது என்று மெயின் சுவிட்சை இறக்கினாள். யுபிஎஸ் கூவத் தொடங்கியது. தீபாராதனை நேரத்தில் அபசகுனமாகக் கூவுகிறதே என்று அதன் பொத்தானையும் வாய் மூடுகிறவரை அமுக்கிப் பிடித்தாள். அவ்வளவுதான். இன்று காலை விஜயதசமி, நல்ல நேரம் பார்த்து மெயினை ஏற்றினால் எல்லாம் எழுந்தது, சர்வர் எழவில்லை. நயினார் வந்து அதன் டிஸ்க்கைக் கழற்றிக் காதில் வைத்துக் கேட்டான். டக், டக், டக். பூட்டின அறைக்குள்ளிருந்து யாரோ கதவைத் தட்டுகிறமாதிரி. ஓடிக்கொண்டிருந்தவரை ஓடும், நின்றால் எழாது, கிழட்டு டிஸ்க்குகளின் குணம் அது. சென்னைக்கு அனுப்பினால் தோண்டி எடுக்கப் பார்ப்பார்கள், மாதக்கணக்கில் ஆகும், கிடைத்தால் உண்டு. காலையில் அவன் போட்ட கத்தலில் ரத்தம் கொடுக்க வந்த ஒரு பெரியவர் ஊசியோடு எழுந்து நின்றுவிட்டார். முப்பது வருஷம் சம்பளம் வாங்கின மூளைக்கு ஓடுற மெஷினை நிப்பாட்டக் கூடாதுன்னு தெரியாதா என்று கேட்டான். பகவதியக்கா அசரவில்லை. தொடாதீங்கன்னு யாருகிட்டச் சொன்னிய, சாமிகிட்டயா, ஒரு சீட்டு எழுதி ஒட்டிட்டுப் போயிருக்கலாம்லா என்றாள். அது சரிதான் என்பதுதான் அவனுக்கு இன்னும் எரிந்தது.

திரை கேட்டது: எந்த டிஸ்க்கில் நிறுவ வேண்டும். இரண்டைக் காட்டியது, ஒன்று புது சர்வருக்குள் இருப்பது, இன்னொன்று முழங்கைப் பக்கத்தில் இருக்கும் வெளி டிஸ்க். விரல் என்டர் மேல் போய் நின்றது. இதைக் கழற்றி வைத்துவிட்டல்லவா ஆரம்பித்திருக்க வேண்டும், மடையா. கழற்றினான், சட்டைப் பையில் போட்டான், பையை வெளியிலிருந்து தொட்டுப் பார்த்தான். இருபத்தாறு வயதில், அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் அரிசி ஆலையில், இதே இடத்தில்தான், இதே கேள்விக்குத்தான், இரண்டு டிஸ்க்கில் தப்பானதைக் காட்டி என்டர் அடித்தான். அப்போது அவன் வேலை கற்றது ஒரு டிவி மெக்கானிக் கடையில், எட்டாவதோடு படிப்பு முடிந்தது, லினக்ஸ் கற்றது எடைக்கு வந்த ஒரு தடித்த புத்தகத்தில், அதிலும் முதல் நாற்பது பக்கம் கிடையாது. நாற்பத்தோராம் பக்கத்திலிருந்து உலகத்தைத் தெரிந்துகொண்டவன். ஆலை முதலாளி ஒன்றும் பேசாமல் அறைந்தார். அடி விழுந்த கன்னத்தோடு மூன்று நாள் அங்கேயே கிடந்து, தவிட்டு வாசனையில் தூங்கி, அழிந்ததைப் பாதிக்குமேல் தோண்டி எடுத்துக் கொடுத்தான். அதே முதலாளிதான் பிறகு நாலு ஆலைக்குச் சிபாரிசு செய்தார். அந்த அறையை அவன் பெருமையாகத்தான் சொல்லுவான், கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவான். நான் அடி வாங்கிப் படிச்சவன்யா, உங்க சர்டிபிகேட்டு எல்லாம் எனக்கு வேண்டாம். இப்போது கன்னத்தில் அந்த இடம் லேசாகச் சுட்டது. இதை அறைந்து தீர்க்க முடியாது. அரிசி ஆலையில் அழிந்தது மூட்டைக் கணக்கு. இங்கே பெயர்.

எண்பத்து நாலாயிரம் பெயர். உடம்பிலிருந்து வெட்டி எடுத்த சதைத்துணுக்கை மெழுகில் பதித்து, சீவல் சீவலாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டிப் பார்த்து, புற்றா இல்லையா என்று டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகு, மிச்சமிருக்கிற மெழுகுக்கட்டி இங்கேயே இருக்கும், நடைபாதை நெடுக இரும்பு இழுப்பறைகளில், வெல்லத்துண்டு போல வரிசையாக. கட்டியின் மேல் பெயர் கிடையாது, எண் மட்டும். எந்த எண் யாருடையது என்பது சர்வருக்கு மட்டும்தான் தெரியும். டேட்டாபேஸ் என்றால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு நயினார் சொல்லும் விளக்கம், கல்யாண வீட்டில் வாசலில் நின்று யார் யாருக்கு என்ன முறை என்று சொல்லுகிற மாமா. மாமா போய்விட்டால் கூட்டம் இருக்கும், உறவு தெரியாது. முன்னே இங்கே பெரிய நோட்டு இருந்தது, சிவப்பு அட்டை போட்டு, பகவதியக்கா கையெழுத்தில். நோட்டு எதுக்கு டாக்டர், ரெட்டை வேலை, நான் இருக்கேன்லா என்று சொல்லி அதை நிறுத்த வைத்தவன் யார். அவன்தான். இந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் சொன்னான், கால் மேல் கால் போட்டு. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் பெஞ்சில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தது. மேலப்பாளையம், பாத்திமுத்து, ஐம்பத்தைந்து இருக்கும், வெள்ளைத் துப்பட்டி, மடியில் ஒரு துணிப்பை. வீட்டுக்காரர் மைதீன் பிச்சைக்கு நாலரை வருஷத்துக்கு முந்தி குடலில் கட்டி எடுத்தார்கள், இப்போது நுரையீரலில் ஏதோ தெரிகிறது. வேலூர் ஆஸ்பத்திரியில் பழைய மெழுகுக்கட்டியைக் கொண்டுவா, இரண்டும் ஒரே வியாதியா என்று பார்த்துத்தான் மருந்து தொடங்குவோம் என்றுவிட்டார்கள். பழைய ரிப்போர்ட்டு வெள்ளத்தில் போச்சு. எண் தெரியாது. பெயர் தெரியும், பங்குனி மாசம் தெரியும். சாயங்காலம் ரயில். ஒரு மாசத்துக்கு அறுநூறு கட்டி, எல்லாம் ஒரே நிறம்.

லினக்ஸ் ஏறி முடிந்து பெட்டி ஒருமுறை தூங்கி எழுந்தது. கைப்பேசியிலிருந்து இணையம் கொடுத்து டேட்டாபேஸ் சர்வரை இறக்கச் சொன்னான். நாற்பது சதவிகிதம், நாற்பத்தொன்று. பூசைப் பொரியின் வாசனை இன்னும் அறையில் இருந்தது, அதோடு சதை கெடாமல் ஊறவைக்கிற ஃபார்மலின் நெடி, அதோடு உருகின மெழுகு, மூன்றும் சேர்ந்து கோயிலா ஆஸ்பத்திரியா என்று மூக்குக்குப் பிடிபடவில்லை. எழுபது. நூறு. பிறகு அது தன் வழக்கமான கேள்விகளைக் கேட்கத் தொடங்கியது, புதுசாகப் பொண்ணு கொடுக்கிற வீட்டுக்காரர் மாதிரி ஒவ்வொன்றாக. எல்லா அதிகாரமும் உள்ள ரூட்டுக்குப் பாஸ்வேர்டு வைக்கவா. வை. பெயரில்லாத பயனாளர்கள் இருக்கிறார்கள், நீக்கிவிடவா. பெயரில்லாதவர்கள் என்ற இடத்தில் அவன் கை ஒரு கணம் நின்றது. இது வேறு, இது யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம் என்கிற ஓட்டை, எத்தனை தடவை ஆம் அடித்திருப்பான், இன்றைக்கென்ன. நீக்கு. வெளியிலிருந்து ரூட் வரலாமா. வரக்கூடாது. சோதனை டேட்டாபேஸ் வேண்டுமா. வேண்டாம், எல்லாச் சோதனையும் ஆகிவிட்டது. இத்தனை கேள்வி கேட்கிற மெஷின் ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேட்பதில்லை: தினமும் ராத்திரி எடுக்கிற நகல் எந்த டிஸ்க்குக்குப் போகிறது, நயினாரே. யாரும் கேட்கவில்லை, பன்னிரண்டு வருஷமாக. தினமும் பேக்கப் ஓடுது டாக்டர் என்று அவன் சொன்னதில் பொய் ஒரு எழுத்து கிடையாது. ஓடியது. ஒரு ராத்திரிகூடத் தவறவில்லை. அதே டிஸ்க்கின் இன்னொரு மூலைக்கு ஓடியது. வீட்டுச் சாவியின் நகலை அந்த வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டின வேலை.

நகலுக்கென்று இரண்டாவது டிஸ்க் இருந்தது, பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தி முதலில் எழுதிக் கொடுத்த பட்டியலில் இருந்தது. அந்த மத்தியானம் அவனுக்கு மறக்காது. அவன் தொகையைச் சொன்னான், டாக்டர் பட்டியலைப் பார்த்தபடி ஒன்றும் சொல்லவில்லை. அவன் பேரத்தில் புலி, கத்துவான், பட்டியலைக் கிழிக்கப் போவான், செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்புவான், எதிராளி எதைச் சொன்னாலும் அதற்குப் பதில் வைத்திருப்பான். ஒன்றும் சொல்லாதவரிடம் என்ன செய்வது. சரி டாக்டர், உங்களுக்காக இறக்குதேன் என்றான். அவர் கண்ணாடியைத் துடைத்தார். இன்னும் இறக்கினான். மின்விசிறி சுற்றியது. மூன்றாவது தடவை இறக்கி, இதுக்கு மேல என் தோலத்தான் உரிச்சுத் தரணும் என்றபிறகு, சரி, செய்யுங்க என்றார். இறங்கி வருகையில் ரத்தம் கொதித்தது, வாயே திறக்காமல் என்னை உரித்துவிட்டாரே, பெரிய இடம் பெரிய இடம்தான், அமுக்குகிறது வெளியே தெரியாது. அந்தக் கோபத்தோடே கடைக்குப் போய், பெட்டியில் வைத்த இரண்டாவது டிஸ்க்கைக் கழற்றி மேசை டிராயரில் போட்டான். கொடுக்கிற விலைக்கு இது போதும். நேரம் வரும்போது போட்டுக்கொள்ளலாம். நேரம் வரவில்லை, அவனுக்கும் ஞாபகம் வரவில்லை என்று சொன்னால் அது பொய், ஞாபகம் வந்தது, முதல் வருஷம் நாலைந்து தடவை, பிறகு வருஷத்துக்கு ஒன்று, ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் கடை டிராயரைச் சுத்தம் பண்ணும்போது.

அமைப்புக் கோப்பைத் திறந்தான். தன்னிடம் மட்டும் பேசு என்று இருந்த வரியை மாற்றி, முன்னறைக் கம்ப்யூட்டர்களும் கூப்பிடலாம் என்று ஆக்கினான். ஃபயர்வால் என்கிற தீச்சுவரில் ஒரு வாசலைத் திறந்தான். நினைவகத்தில் பாதிக்குமேல் டேட்டாபேஸுக்கு ஒதுக்கினான். தமிழ்ப் பெயர் எழுதினாலும் கேள்விக்குறியாக மாறாதபடி எழுத்துத் தொகுதியைச் சரி செய்தான். ஒவ்வொன்றும் அழகாக விழுந்தது, கை தானாகப் போனது, இவ்வளவு சுத்தமாக அவன் எங்கும் அமைத்ததில்லை, ஆளில்லாத வீட்டுக்கு வெள்ளையடித்துக் கோலம் போடுகிறோமோ என்று தோன்றியது. தோன்றினதும் இன்னொரு வரியைத் திருத்தினான், திருத்தத் தேவையில்லாத வரி. பிறகு அதைத் திரும்பப் பழையபடியே மாற்றினான். யாரோ பின்னால் நிற்பது தெரிந்தது. அந்த அம்மா வாசல் நிலையில் கையை வைத்துக்கொண்டு நின்றது, உள்ளே கால் வைக்கலாமா என்று தெரியாமல்.

"தம்பி, நெருக்குதேன்னு நினைக்காதிய. அவுகளுக்கு மருந்து குடுத்துட்டு ஸ்டேசன்ல உக்கார வச்சிருக்கேன். கொண்டுபோக முடியுமா முடியாதா, அத மட்டும் சொல்லிருங்க. முடியாதுன்னா டிக்கெட்ட வேற நாளைக்கு மாத்திக்கிடுவேன்."

வேறு யாராவது இருந்தால் எரிந்து விழுந்திருப்பான், தலைக்கு மேல் நின்றால் வேலை ஓடுமா என்று. நாக்கின் நுனிவரை வந்தது. முடியும் என்றும் சொல்ல வந்தது, அது அவன் தொழில் நாக்கு, எதைக் கேட்டாலும் முதலில் முடியும் என்றுதான் சொல்லும். ரெண்டு மணி வரைக்கும் இருங்கம்மா என்றான். மணி ஒன்று பத்து. அந்த அம்மா சரி என்று போய் அதே இடத்தில், அதே மாதிரி பையை மடியில் வைத்து உட்கார்ந்தது. சட்டைப் பையிலிருந்து டிஸ்க்கை எடுத்தான், உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது. செருகினான். இப்போதாவது கோப்பின் வாலைப் பார். நாலெழுத்து. பார்க்கவில்லை, கோப்பை நேரே டேட்டாபேஸுக்குள் ஊற்று என்று கட்டளை கொடுத்து என்டர் அடித்தான். முழுசாக இருந்தால் சத்தமில்லாமல் முடியும். குறையாக இருந்தால் குறைந்த இடத்தில் அலறும். அதுவே சொல்லட்டும், நான் ஏன் கேட்க வேண்டும்.

இப்போது செய்ய ஒன்றுமில்லை, அதுதான் கொடுமை. திரையில் குறி துடித்துக்கொண்டிருந்தது. கொட்டும்போது பட்டியல்களை அது ஆங்கில எழுத்து வரிசையில்தான் எழுதும், டாக்டர்கள் முதலில், பிறகு இழுப்பறைகள், பிறகு படங்கள், பதினெட்டு ஜிபியில் பெரும்பங்கு அந்தப் படங்கள்தான், அதெல்லாம் முடிந்து கடைசியில்தான் ஆட்கள். ஆட்களுக்குள்ளும் வந்த வரிசை, பழையவர் முதலில், போன வாரம் வந்தவர் கடைசியில். நாலரை மணிக்கு எந்த ஆளில் நின்றிருக்கும். நிற்கிற அந்தக் கணத்தில் எழுதிக்கொண்டிருந்த ஆள் யார். பகவதியக்கா மணி ஆட்டியிருப்பாள், எல்லாரும் கண்ணை மூடியிருப்பார்கள். இவன் கடையில் சூடத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்திருப்பான். மைதீன் பிச்சை என்ற ஆளை அவனுக்குத் தெரியாது, ஆனாலும் முகம் வந்துவிட்டது, ஒடிசலாக, தொப்பி போட்டு, பிளாட்பாரத்து சிமெண்ட் பெஞ்சில் இடது கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு, ரயில் வருகிற திசையைப் பார்க்காமல் ஆட்டோ வருகிற திசையைப் பார்த்துக்கொண்டு. போ என்று விரட்டினான். போகவில்லை. டாக்டர் வந்தார். கையில் டீ டம்ளர், அவனுக்குத்தான். மேசையில் வைத்துவிட்டு, திரையைப் பார்த்தபடி நின்றார், ஒன்றும் கேட்காமல். பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தி நின்ற அதே நிற்பு. அவனுக்குள் ஏதோ பிய்த்துக்கொண்டது, இறங்கினான், அன்றைக்குப் பேரத்தில் இறங்கினதுபோலவே, ஒன்று, இரண்டு, மூன்று படி. தினமும் ஓடின பேக்கப் எங்கே போனது என்பதைச் சொன்னான். இரண்டாவது டிஸ்க்கைச் சொன்னான். கோபத்தில்தான் கழற்றினேன் டாக்டர், நீங்க அவ்வளவு இறக்கினா வேற என்ன செய்ய முடியும் என்றும், அந்த நிலையிலும், சொன்னான்.

"நான் எங்க நயினார் இறக்கச் சொன்னேன்? பட்டியல்ல ஒண்ணும் புரியல. யோசிச்சுக்கிட்டு நின்னேன். நீங்களா குறைச்சுக்கிட்டே போனீங்க. நீங்க நல்லவர்னு நான் நினைச்சுக்கிட்டேன்."

அவர் குரலில் சூடு இல்லை. டீ ஆறிடும் என்றார், போய்விட்டார். நயினார் டம்ளரைத் தொடவில்லை. யாரோடு பேரம் பேசினேன் அன்றைக்கு, எதிரில் ஆளே இல்லையா, இந்தப் பன்னிரண்டு வருஷமும் ஒவ்வொரு பூஜைக்கும் டிராயரைத் திறந்து மூடினபோது மனசுக்குள் நான் திட்டின ஆள் யார், என்று அது சுற்றிச் சுற்றி வந்து அதே இடத்தில் சிக்கியது, நூல்கண்டு ஆணியில் சிக்குகிற மாதிரி, இழுத்தான், இன்னும் இறுகியது, அப்போது திரை அலறியது.

ஒரே ஒரு வரி. இலக்கணப் பிழை, கோப்பின் இந்த வரியில், என்று ஓர் எண்ணைச் சொல்லி நின்றுவிட்டது. சரி. தெரிந்துவிட்டது. நாலெழுத்தை அடித்தான். கோப்பின் வால் வந்தது. முடிந்தது என்ற வரி இல்லை. ஓர் ஆளின் நடுவில் அறுந்திருந்தது, பெண், அறுபத்திரண்டு வயது, கடையநல்லூர், மார்பு என்று போட்டு, அதற்குப் பிறகு ஒன்றுமில்லை, வெறும் இருட்டு. ஏறினவர்களை எண்ணச் சொன்னான். ஐம்பத்திரண்டாயிரத்து நூற்றேழு. மைதீன் பிச்சை என்று தேடினான். ஒன்பது பேர் வந்தார்கள், தென்காசி, ஏர்வாடி, மேலப்பாளையத்திலேயே மூன்று பேர், வயது ஒத்துவரவில்லை, ஒத்தவருக்குத் தைராய்டு, குடல் யாருக்கும் இல்லை. கடைசியாக ஏறினவர் வந்த தேதியைப் பார்த்தான். தமிழ்க் கணக்குக்கு மாற்றினால் பங்குனி எட்டு. பங்குனி என்று அந்த அம்மா சொன்னது மாசத்தை மட்டும், தேதி தெரியாது, எட்டுக்கு முன்னால் என்றால் இங்கே இருந்திருக்க வேண்டும், இல்லை, பின்னால் என்றால் வாசல்வரை வந்து கதவு சாத்தப்பட்ட ஆள். வாசல்வரை. இரு. இரு, இரு. இந்தக் கோப்பு ஆட்களை ஒவ்வொருவராகவா எழுதும். ஐந்நூறு பேரை ஒரே வரியில் கோத்து எழுதும், அந்த வரி முடியாமல் அறுந்தால் ஐந்நூறு பேரையும் சேர்த்தே தூக்கி எறிந்துவிடும், உள்ளே விடாது. கடைசி ஒருத்தி அரைகுறையாக வந்ததற்காக அவளுக்கு முன்னால் முழுசாக நின்ற அத்தனை பேரும் வெளியே. அவர்கள் கோப்பில் இருக்கிறார்கள்.

அந்த வரியை மட்டும் தனியே வெட்டி எடுத்துத் திறந்தான். ஒரே வரி, திரை திரையாக ஓடியது, அடைப்புக்குறிக்குள் ஓர் ஆள், காற்புள்ளி, அடைப்புக்குறிக்குள் அடுத்த ஆள். கடைசிக்குப் போனான். கடையநல்லூர்க்காரியை அழிக்க வேண்டும், அரை ஆளை டேட்டாபேஸ் ஏற்காது. பின்பொத்தானை அமுக்கினான், மார்பு போயிற்று, ஊர் போயிற்று, வயது போயிற்று, பெயரில் வந்து விரல் நின்றது. பக்கத்தில் கிடந்த பூசைச் சாமான் பில்லின் பின்பக்கத்தில் அவள் பெயரையும் ஊரையும் பேனாவால் எழுதினான். வேலம்மாள். பிறகு அழித்தான். அவளுக்கு முன்னால் இருந்த காற்புள்ளியை எடுத்துவிட்டு முற்றுப்போடுகிற குறியை வைத்தான். என்டர். ஒரு மூச்சு விடுகிற நேரம். ஏறியது, ஐந்நூற்று நாலு பேர். மறுபடி மைதீன் பிச்சை என்று அடித்தான், அடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான், சூடத்துக்கு முன்னால் மூடுகிற மாதிரியே, திறந்தால் பத்துப் பேர். பத்தாவது, மேலப்பாளையம், ஐம்பத்தெட்டு வயது, பெருங்குடல், பங்குனி இருபத்துமூன்று. எண் ஐம்பத்திரண்டாயிரத்து நானூற்றுப் பதினேழு. பகவதியக்கா என்று அவன் கூப்பிட்டது சத்தமாக இல்லை, ஆனாலும் அவள் வந்துவிட்டாள், காலையிலிருந்து அந்தச் சுவருக்கு அந்தப் பக்கமேதான் நின்றிருக்கிறாள். எண்ணைச் சொன்னான். அவள் எழுதிக்கொள்ளவில்லை, வாயில் சொல்லிக்கொண்டே நடைபாதையில் போனாள், இரும்பு இழுப்பறை இழுபடுகிற சத்தம், தட்டுகள் உரசுகிற சத்தம், பிறகு ஒன்றுமில்லாத சத்தம், அது மட்டும் எத்தனை நேரம். அவள் திரும்பி வந்தபோது உள்ளங்கையில் இருந்தது, ரோஸ் நிறப் பிளாஸ்டிக் கூடு, அதில் மெழுகு, மெழுகுக்குள் பாக்குச் சீவல் அளவுக்குப் பழுப்பாக ஒன்று.

பாத்திமுத்து அதை வாங்கவில்லை, முதலில் பார்த்தது. அவுகதானா என்று கேட்டது. ஆமா, அவுகதான் என்று பகவதியக்கா சொல்லி, பஞ்சில் சுற்றி, சின்ன டப்பாவில் போட்டு, மேலே எண்ணும் பெயரும் எழுதி ஒட்டினாள். டப்பாவைப் பைக்குள் வைத்துவிட்டு அந்த அம்மா நயினாரைப் பார்த்து, ரயிலுக்குள்ள வெக்கையா இருக்குமே தம்பி, உருகிருமா என்று கேட்டது. உருகாது, வெயில் படாம மட்டும் வச்சிக்கிடுங்க என்றான். அது துப்பட்டியை இழுத்துப் பைக்கு மேல் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போயிற்று, நன்றி என்றெல்லாம் ஒன்றும் சொல்லாமல், நேரம் இல்லாத ஆளின் நடையில். நயினார் நாற்காலிக்குத் திரும்பினான். கோப்பில் இனிமேல் எதுவும் இல்லை. இன்னும் முப்பத்தோராயிரத்துச் சொச்சம் பேர் வெளியே. அதில் பாதிக்கு, வெள்ளத்துக்குப் பிறகு வந்தவர்களுக்கு, டாக்டர்கள் எழுதி அனுப்பின சீட்டு மாடியில் மூட்டையாகக் கிடக்கிறதாம், பகவதியக்கா சொன்னாள், உட்கார்ந்து அடித்தால் ஏற்றிவிடலாம், எத்தனை மாசம் என்று கணக்குப் போட அவனுக்குத் தெம்பில்லை. மீதிப் பாதிக்குச் சீட்டும் கிடையாது, அது வெள்ளத்தில் போனது, சென்னையில் ஏதாவது தோண்டிக் கிடைத்தால்தான் உண்டு. இழுப்பறைக்குள் எண்ணோடு இருப்பார்கள், கூப்பிட்டால் திரும்பமாட்டார்கள். முன்னறை ஜன்னலில் யாரோ ஒரு ஆள் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான், காக்கி அரைக்கைச் சட்டை, முப்பத்தைந்து வயது, விக்கிரமசிங்கபுரத்திலிருந்து பஸ் மாறி வந்திருக்கிறானாம். அம்மாவுக்கு மூன்று வருஷத்துக்கு முந்தி இங்கே பார்த்தது, அந்தக் கட்டி வேண்டுமாம், ரிப்போர்ட்டு வீட்டில் தேடிக் கிடைக்கவில்லையாம். பகவதியக்கா ஜன்னலை விட்டு இரண்டடி பின்னால் வந்து, குரலைத் தாழ்த்தினாள்.

"சர்வர் கோளாறு, பத்து நாள் கழிச்சு வாங்கன்னு சொல்லிரட்டா அண்ணாச்சி? அதுக்குள்ள ஏதாச்சும் வழி பொறக்கும்."

நல்ல யோசனை. காலையில் அவ்வளவு ஏச்சு வாங்கினவள் அவனுக்காகப் பார்த்த வழி, அவன் தொழிலில் எல்லாரும் சொல்லுகிறதும் அதுதான், சர்வர் என்று சொன்னால் யாரும் மேலே கேட்பதில்லை, மழை பெய்தது என்கிறமாதிரி. பத்து நாள் கழித்து அவன் இன்னொரு பஸ் மாறி வருவான். இன்னொரு பத்து நாள் சொல்லலாம். நயினார் எழுந்தான், ஜன்னலுக்குப் போகாமல் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய் அந்த ஆளுக்கு எதிரில் நின்றான். சட்டையில் வேர்வை, நெற்றியில் பகவதியக்கா காலையில் வைத்துவிட்ட குங்குமம் இழுகியிருந்தது. நீங்க டாக்டரா என்று அவன் கேட்டான்.

"இல்ல. உங்க அம்மா பேரு இந்தச் சர்வர்ல இருந்துச்சு, இப்ப இல்ல. கட்டி உள்ளதான் இருக்கு, எதுன்னு சொல்ல இங்க ஆள் கிடையாது. வீட்டுல அந்த ரிப்போர்ட்டுக் கிடைச்சா, எண்ணப் பாத்து நானே எடுத்துத் தருவேன். தொலைச்சது நான்தான்."

அந்த ஆளுக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. பிறகு அவன் குரல் ஏறியது, பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள், மனுச உசுருன்னா உங்களுக்கு என்னல வெளையாட்டா என்று தொடங்கி அவன் வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டினான், நயினாரின் வாயில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் தயாராக வந்து நின்றது, நாற்பத்தெட்டு வருஷத்துப் பதில்கள், ஒன்றைக்கூட அவன் வெளியே விடவில்லை. டாக்டர் தன் அறைக் கதவைத் திறந்து பார்த்தார். அந்த ஆள் இன்னும் முடிக்கவில்லை. நயினார் நின்றான்.